வான் அலையும் வீட்டு மாடியும்

கெடில நதியின் கரையில் அமைந்த பழம்பதி திருவதிகை. பண்ருட்டியை அடுத்துள்ள இவ்வூர் அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. சிவபெருமான் முப்புரங்களை எரித்த இடம் இதுவே என்று புராணம் கூறும். தமக்கையார் திலகவதியாரின் அன்பால் திருநாவுக்கரசர் சூலை நோய் நீங்கி மீண்டதும் இங்கேதான். பல்லவர் காலத்தையும் சோழர் காலத்தையும் அறிய விரும்பும் மாணவர் இக்கோயிலின் கல்வெட்டுகளை நாடி வருகின்றனர். ஆயினும் இன்று நான் பேசப்போவது கோயிலைப் பற்றியன்று. அதனைச் சுற்றியுள்ள வீட்டு மாடிகளைப் பற்றி.

ஒரு தலைமுறைக்கு முன்னர்த் தமிழ்நாட்டு ஊர்களின் மாடிகளில் நீண்ட இரும்புக் குழாய்கள் நின்றன. அவற்றின் உச்சியில் மீனின் முதுகெலும்பு போன்ற ஓர் அலுமினியச் சட்டம் இருக்கும். நடுவே ஒரு தண்டு; அதன் குறுக்கே வரிசையாகச் சில கம்பிகள். அதனை மக்கள் ஆன்டெனா என்று அழைத்தனர். நூலோர் அலைவாங்கி என்பர். இன்று அவற்றுள் பெரும்பாலானவை பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. காக்கை அமர்வதற்கென்று விட்டுவைத்தது போல ஒன்றிரண்டு எங்கேனும் எஞ்சியிருக்கலாம். எளிய பொருள்தான், ஆனால் அதற்குள் ஒரு வரலாறு அடங்கியுள்ளது. கம்பிகள் எத்தனை, அவற்றின் நீளம் எவ்வளவு, எந்தத் திசையை நோக்கி அவை நிற்கின்றன என்னும் மூன்றையும் கண்டால், அந்த வீட்டார் எந்த நிலையத்தின் அலையை எதிர்பார்த்திருந்தனர் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஆன்டெனாவைத் தேர்ந்தெடுப்பது கடைச்சரக்கைத் தேர்ந்தெடுப்பது போன்றதன்று. பெரியது நல்லது, விலை உயர்ந்தது சிறந்தது என்னும் எண்ணம் இங்கே செல்லாது. நாம் எங்கே நிற்கிறோம், அலை எங்கிருந்து வருகிறது, இடையே என்ன இருக்கிறது என்பவற்றை அறிந்தவனே நல்ல ஆன்டெனாவைத் தேர்கின்றான். இதனை விளக்குவதற்குத் திருவதிகையையே நாம் நிற்கும் இடமாகக் கொள்வோம்.

முதலில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள வேற்றுமையைக் காண வேண்டும். சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16ஆம் நாளும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16ஆம் நாளும் தொடங்கப்பெற்றன. அந்நிலையங்கள் மத்திய அலையில் ஒலிபரப்பின. மத்திய அலை நீண்டது. அது தரையைத் தழுவியவாறு மேடு பள்ளங்களைக் கடந்து செல்லவல்லது. ஆகவே இரண்டு கழிகளை நட்டு இடையே ஒரு செப்புக் கம்பியை இழுத்துக் கட்டினால் போதும்; திருவதிகையிலிருந்தும் திருச்சியைக் கேட்கலாம். கம்பி எந்தத் திசையில் நீண்டாலும் பெரிதும் குறையில்லை.

தொலைக்காட்சி அலையின் இயல்பு வேறு. படத்தைச் சுமந்து செல்ல மிகுதியான இடம் வேண்டுமாதலின் அதற்குக் குறுகிய அலைகளே ஏற்றவை. அலை குறுகக் குறுக அதன் நடை ஒளியின் நடையை ஒத்துவிடுகிறது. நேர்கோட்டில் சென்று, உலகின் வளைவில் அடிவானத்தைத் தாண்டியதும் அது தரையை விட்டு மேலே போய்விடும். கோயிற் கோபுரத்தின் மேல் ஏறியவனுக்குத் தொலைவிலுள்ள ஊரும் தெரியும். திண்ணையில் இருப்பவனுக்கு எதிர் வீடுதான் தெரியும். தொலைக்காட்சியின் முதல் விதி இதுவே.

இதனை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஒலிபரப்புக் கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால், அலையின் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். காற்று அலையைச் சிறிது வளைப்பதையும் சேர்த்தே இந்த எண் வகுக்கப்பெற்றது. நம் வீட்டு ஆன்டெனாவின் உயரத்திற்கும் இவ்வாறே கணக்கிட்டு இரண்டையும் கூட்ட வேண்டும். கோபுரம் 200 மீட்டர் என்று தாராளமாகவே கொள்வோம். அதன் பங்கு 58 கிலோமீட்டர். மாடியின் மேல் 10 மீட்டர் உயரத்தில் நம் ஆன்டெனா நின்றால் அதன் பங்கு 13 கிலோமீட்டர். ஆகமொத்தம் 71 கிலோமீட்டர். சென்னைக்கும் திருவதிகைக்கும் உள்ள நேர்த் தொலைவோ ஏறத்தாழ 165 கிலோமீட்டர்! இந்த ஒரு கணக்கு, வாங்கும் முன்பே நமக்குப் பல செய்திகளைச் சொல்லிவிடுகிறது.

இனி, அந்த மீன்முள் வடிவம் எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம். ஜப்பானில் செண்டாய் என்னும் நகரில் தோஹோக்குப் பல்கலைக்கழகம் உள்ளது. அங்கே ஹிதெத்சுகு யாகி என்னும் பேராசிரியரும், ஷிந்தாரோ உதா என்னும் இளைய ஆசிரியரும் குறுகிய அலைகளை ஆராய்ந்தனர். அலையைப் பெறும் ஒரு கம்பிக்குப் பின்னே சற்று நீளமான கம்பியை நிறுத்தினால், அது கண்ணாடி போல அலையை முன்னே திருப்புகிறது. முன்னே சற்றுக் குறுகிய கம்பிகளை வரிசையாக நிறுத்தினால், அவை அலையை ஒரே திசையில் வழிநடத்துகின்றன. பின்னிற்பது பிரதிபலிப்பான், முன்னிற்பவை வழிகாட்டிகள். நடுவேயுள்ள ஒரே ஒரு கம்பிதான் பெட்டியுடன் இணைக்கப்படுகிறது. மற்றவை எதனோடும் இணைக்கப்படாமலே பணி செய்கின்றன. இவ்வுண்மை 1926ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 1928இல் யாகி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதியதால் உலகம் இதனை அறிந்தது. ஆய்வில் பெரும்பகுதி உதாவின் உழைப்பாயினும் உலகின் வாயில் யாகியின் பெயரே நிலைத்தது.

தம் நாட்டில் பிறந்த இந்த அறிவை ஜப்பானியப் படையினர் பொருட்படுத்தவில்லை. மேலை நாட்டினரோ இதனைப் பகை விமானங்களைக் கண்டறியும் ரேடார்க் கருவியில் அமைத்தனர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அங்கே ஆங்கிலேயப் படைவீரர் ஒருவரின் குறிப்பேடு அவர்கள் கைக்குக் கிடைத்தது. அதில் ‘யாகி’ என்னும் சொல் அடிக்கடி வந்தது. அச்சொல்லின் பொருளும் அதனை உச்சரிக்கும் முறையும் அவர்களுக்கு விளங்கவில்லை. சிறைப்பட்டிருந்த அவ்வீரரையே கேட்டபோது, அது இந்த ஆன்டெனாவைக் கண்டறிந்த ஜப்பானியப் பேராசிரியரின் பெயர் என்று அவர் சொன்னாராம். தம் வீட்டு விளக்கைத் தாமே அறியாமல், அயலார் அதனை ஏற்றியபின் ஒளி கண்ட கதை இது. மாணவர்கள் மறக்கலாகாத பாடமும் இதில் உண்டு.

போருக்குப் பின்னர் அதே ஆன்டெனா உலகெங்கும் வீட்டு மாடிகளில் ஏறிற்று. நம் நாட்டோடும் அதற்கு ஓர் உறவு உண்டு. 1950களில் உதா யுனெஸ்கோவின் நிபுணராகப் புதுடெல்லித் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அதே டெல்லியில்தான் 1959 செப்டம்பர் 15ஆம் நாள் இந்தியத் தொலைக்காட்சி பிறந்தது. அப்போது அது அகில இந்திய வானொலியின் ஒரு கிளையாகவே இருந்தது. ஆற்றல் குறைந்த கருவி; வாரத்தில் சில மணி நேர நிகழ்ச்சி; பார்ப்பதற்குச் சமூக மன்றங்களில் வைக்கப்பெற்ற சில பெட்டிகள். 1961இல் பள்ளிக்கூடங்களுக்கான நிகழ்ச்சிகள் தொடங்கின. நாள்தோறும் நிகழ்ச்சி என்பது 1965இல்தான் வந்தது. பம்பாய்க்கு 1972 அக்டோபர் 2ஆம் நாளும், சென்னைக்கு 1975 ஆகஸ்டு 15ஆம் நாளும் நிலையம் கிடைத்தன.

சென்னை நிலையம் தோன்றிய அதே 1975இல் வேறொரு பெருஞ்சோதனையும் நடந்தது. அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நேரே கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. அண்டை மாநிலங்களான ஆந்திரமும் கர்நாடகமும் அதில் இருந்தன, தமிழ்நாடு இடம்பெறவில்லை. அச்சிற்றூர்களில் நிறுத்தப்பெற்ற ஆன்டெனா மீன்முள் வடிவினதன்று. கோழிக்கூட்டுக்குப் பயன்படும் கம்பி வலையால் ஆகிய, மூன்று மீட்டர் அகலமுள்ள கிண்ணம் அது. விண்ணிலிருந்து வரும் அலை மிக மெலிந்ததாதலின் அதனைச் சேர்த்துக் குவிக்கப் பெரிய கிண்ணம் வேண்டியிருந்தது. அதற்கு அடிவானம் என்னும் தடை இல்லை. ஓராண்டில் அச்சோதனை முடிவுற்றது. ஆனால் பின்னாளில் வரவிருந்ததை அது முன்னரே காட்டிவிட்டது.

திருவதிகைக்குத் திரும்புவோம். 1975க்குப் பின்னர்ச் சென்னையில் உள்ளவர்கள் சிறிய ஆன்டெனாவைக் கொண்டே படம் கண்டனர். அடிவானத்திற்கு அப்பால் இருந்த தென்னார்க்காட்டு மாவட்டத்தார் என்ன செய்வது? வடக்கிலிருந்து சற்றுக் கிழக்கே சாய்ந்த திசையில் சென்னை இருக்கிறது. அத்திசை நோக்கி எவ்வளவு பெரிய ஆன்டெனாவைத் திருப்பினாலும், கணக்கின்படி இயல்பான நாள்களில் படம் நிலைத்து நிற்க வழியில்லை. ஆயினும் இயற்கை சிற்சில வேளைகளில் இரங்குவது உண்டு. கோடைக்காலத்தில் காற்று அடங்கிய மாலைப் பொழுதில், கடலை ஒட்டிய பகுதிகளில், கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெப்பக் காற்றும் அடுக்காக நிற்கும். அப்போது அலை அவ்வடுக்குகளிடையே அகப்பட்டு, வாய்க்காலில் ஓடும் நீர் போல, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்லும். ஒரு நாள் கண்ட காட்சி மறுநாள் மறைந்துவிடும். ஒரு மாலை கண்ட படத்தை நம்பிப் பெரும்பொருள் செலவிட்டு உயர்ந்த குழாய் நடுவது எத்தகைய ஏமாற்றத்தைத் தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தெற்கேயும் இதுபோன்ற ஒரு காட்சி நிகழ்ந்தது. இலங்கையில் 1982 பிப்ரவரி 15ஆம் நாள் ரூபவாகினி தொடங்கப்பெற்றது. அதன் அலை 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகால மலையிலிருந்து பரவிற்று. இரு நாடுகளும் ஒரே வகைத் தொலைக்காட்சி முறையைக் கைக்கொண்டமையால் நம் பெட்டிகளில் அப்படம் தடையின்றித் தெரியும். சென்னையின் அலை எட்டாத தென் மாவட்டத்தார் உயர்ந்த ஆன்டெனாக்களைக் கடல் கடந்த அம்மலையை நோக்கித் திருப்பினர். பலர் முதன்முதலில் கண்ட தொலைக்காட்சி இலங்கையினுடையதே. தலைநகரம் ஒரு திசையில் இருக்க, ஆன்டெனா வேறொரு திசையை நோக்கிற்று. அலைக்கு எல்லைக்கோடு தெரியாது. அது மலையையும் கடலையும் மட்டுமே அறியும்.

பின்னர் 1980களில் கொடைக்கானல் மலையிலும் பேராற்றல் நிலையம் அமைந்தது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரம் தென் மாவட்டங்களின் குறையைப் பெரிதும் தீர்த்தது. ஆனால் திருவதிகையிலிருந்து பார்த்தால் மூன்றுமே தொலைவுதான். சென்னை 165 கிலோமீட்டர், அடிவானமோ 71. கொடைக்கானல் ஏறத்தாழ 280. அடிவானம் இருநூற்றுக்குச் சற்று மேல். பீதுருதாலகால மலை ஐந்நூற்றுக்கும் மேல். அடிவானம் சுமார் 220. முப்புரமும் ஒரே கோட்டில் வந்தபோது ஒரே அம்பால் எரித்தார் என்பது இத்தலத்தின் புராணம். ஆன்டெனாவும் அம்பைப் போல ஒரு திசையையே குறிவைக்கும். ஆனால் வெவ்வேறு திசைகளில் நின்ற இம்மூன்றையும் அதனால் எட்ட இயலவில்லை.

இக்குறை எவ்வாறு நீங்கிற்று? 1983 ஆகஸ்டில் இன்சாட்-1பி என்னும் செயற்கைக்கோள் விண்ணில் ஏறிற்று. டெல்லி நிகழ்ச்சியை விண்வழியே பெற்று, அவ்வப்பகுதிக்கு மீண்டும் பரப்பும் சிறிய நிலையங்கள் 1984இல் நாடெங்கும் விரைந்து தோன்றின. அவற்றுள் பலவற்றின் ஆற்றல் நூறு வாட்டுதான். அடிவானத்திற்கு அப்பாலுள்ள பெரிய கோபுரத்தைவிட, அடிவானத்திற்கு உட்பட்ட சிறிய கோபுரமே பயன் தருவது. பிற்காலத்தில் புதுச்சேரியிலும் நிலையம் ஏற்பட்டது. திருவதிகையிலிருந்து அது கிழக்கு வடகிழக்கில் சுமார் 35 கிலோமீட்டர். கோபுரம் நூறு மீட்டர் என்று கொண்டால் நம் அடிவானக் கணக்கு 54 கிலோமீட்டர் வரை இடம் தரும். ஆகவே நடுத்தர ஆன்டெனா ஒன்றே போதும் என்பது பெறப்படுகிறது. அருகில் நிலையம் வந்தபின்னரும் பழைய நெடுங்குழாயை வைத்திருந்தவர் காற்றுக்கு அஞ்சி வாழ்ந்ததே மிச்சம்.

இவ்வரலாற்றிலிருந்து ஆன்டெனாவைத் தேரும் முறையைத் தொகுத்துக் கூறலாம்.

முதற்கேள்வி: நிலையம் எங்கே, எவ்வளவு தொலைவில் உள்ளது? நாட்டுப்படமும் ஓர் அளவுகோலும் இருந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

இரண்டாம் கேள்வி: அது எந்த அலையில் வருகிறது? பெட்டியுடன் இணையும் கம்பியின் நீளம் அலையின் நீளத்தில் ஏறத்தாழ பாதியாக இருத்தல் வேண்டும். 150 என்னும் எண்ணை மெகாஹெர்ட்ஸ் அளவால் வகுத்தால் அப்பாதி மீட்டரில் கிடைக்கும். தொலைக்காட்சியின் முதல் தொகுதி 47 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரை. 62 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு வேண்டிய கம்பி ஏறத்தாழ 2.4 மீட்டர். மூன்றாம் தொகுதி 174 முதல் 230 வரை. 200 மெகாஹெர்ட்ஸுக்கு முக்கால் மீட்டர் போதும். அதற்கும் மேற்பட்ட தொகுதியில் 600 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் மீட்டர்தான். முதல் தொகுதிக்கு உரிய ஆன்டெனாவை வாங்கி மூன்றாம் தொகுதிக்குப் பயன்படுத்துவது ஆனைக்குத் தைத்த சட்டையை ஆட்டுக்கு அணிவிப்பது போன்றது. கம்பி நீளமாக இருப்பது ஆற்றலின் அடையாளமன்று. அலை நீளமாக இருப்பதன் அடையாளம்.

மூன்றாம் கேள்வி: எத்தனை கம்பிகள் வேண்டும்? கம்பிகள் கூடக் கூடப் பெறும் ஆற்றல் மிகும். ஆனால் பார்வை குறுகும். தொலைவிலுள்ளவர்க்கு அது நன்மை. நகரத்தில் ஒரே அலை கட்டடங்களில் மோதிப் பின்தங்கி வரும்போது படத்தின் அருகே அதன் நிழலும் தோன்றும். பக்கத்து அலையை விலக்கும் குறுகிய பார்வை அங்கேயும் உதவும். ஆயினும் ஓர் எல்லை உண்டு. ஆன்டெனாவின் நீளத்தையும் கம்பிகளையும் இரட்டித்தால் ஆற்றல் அதிகமாகப் போனால் இருமடங்காகும். ஆன்டெனாவின் உயரத்தை இரட்டித்தாலோ, திறந்த வெளியில், நான்கு மடங்கு வரை ஆகக்கூடும். ஆகவே பொருளைக் கம்பியில் இடுவதற்கு முன்னர் உயரத்தில் இடுவது அறிவுடைமை.

நான்காம் கேள்வி: மாடியிலிருந்து பெட்டி வரை அலை எவ்வாறு இறங்குகிறது? அந்நாளில் தட்டையான பட்டை வயரும், பின்னர் உருண்டையான கோஆக்சியல் கேபிளும் வழங்கின. கேபிள் நீள நீள அலை அதில் தேய்ந்துபோகும். பூஸ்டர் என்னும் பெருக்கியை மாடியில் ஆன்டெனாவுக்கு அருகிலேயே பொருத்தினால் பயன் உண்டு. பெட்டியின் அருகே பொருத்தினால், வழியில் கேபிள் வாங்கிய இரைச்சலையும் சேர்த்தே அது பெருக்கும். ஆன்டெனா ஒன்றும் பெறவில்லையாயின் பூஸ்டர் பெருக்குவதற்கும் ஒன்றுமில்லை. வறண்ட கிணற்றில் பெரிய பம்பு வைத்தவர் கதையே அங்கும்.

இன்னும் ஒன்று உண்டு. அது உயிரைப் பற்றியது. திருவதிகைக்குத் தெற்கே இருபது கிலோமீட்டர் அளவில் நெய்வேலி உள்ளது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு அங்கே பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார்; 1962 முதல் அந்நிலக்கரியிலிருந்து மின்சாரம் பிறந்தது. அம்மின்சாரத்தைச் சுமந்து செல்லும் கம்பித் தொடர்கள் வயல்களின் மீதும் ஊர்களின் அருகிலும் செல்கின்றன. உயர் அழுத்தக் கம்பியில் எழும் சிறு பொறிகள் தொலைக்காட்சியின் முதல் தொகுதி அலையைக் கெடுத்துப் படத்தில் புள்ளிகளைத் தூவும். அது பொறுக்கத்தக்க துன்பம். ஆனால் ஆன்டெனாக் குழாயை நிமிர்த்தும்போதோ, புயலில் அது சாயும்போதோ மின்கம்பியைத் தொட்டால் உயிரே போகும். மின்கம்பி எவ்வளவு தொலைவில் உள்ளதோ அதைவிடக் குழாயின் உயரம் குறைவாக இருத்தல் வேண்டும். இடியைத் தாங்குவதற்குக் குழாயைப் பூமியுடன் இணைத்தல் வேண்டும். கடற்காற்று வீசும் கடலூர்ப் பகுதியில் இணைப்புகள் விரைவில் துருவேறும். ஆண்டுக்கொருமுறை அவற்றைப் பார்த்தல் நலம்.

மாடியில் ஒருவர் குழாயைப் பற்றித் திருப்ப, கூடத்தில் ஒருவர் பெட்டியைப் பார்த்து நிற்க, “தெரிகிறதா தம்பி?” என்று மேலிருந்து குரல் வர, “வந்துவிட்டது அண்ணே... போய்விட்டது!” என்று கீழிருந்து மறுமொழி செல்ல, அந்நாளில் ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. அவர்கள் தெரியாமலே ஓர் ஆராய்ச்சியைச் செய்துகொண்டிருந்தனர். திசையைப் பத்துப் பாகை மாற்றினால் என்ன ஆகும் என்பதை அவர்கள் கண்ணால் அறிந்தனர்.

அந்த உறவு பின்னர் அறுந்தது. 1990களில் கேபிள் தொலைக்காட்சி தெருத்தெருவாக நுழைந்தது. திசை பார்க்க வேண்டியதில்லை. குழாய் நட வேண்டியதில்லை. மாதந்தோறும் பணம் தந்தால் போதும். தொடக்கக் காலத்தில் தொலைக்காட்சிக்குத் தபால் நிலையத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 1980களின் நடுவில் அது நீக்கப்பட்டபின், காற்றில் வரும் படம் முற்றிலும் கட்டணமற்றதாயிற்று. ஆனால் அந்நன்மையை நன்கு உணருமுன்னரே மக்கள் கேபிளுக்குக் கட்டணம் செலுத்தத் தொடங்கினர். 2006ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கிற்று. பெட்டி இலவசமாக வந்தது. பல வீடுகளில் அதற்குள் வந்த படத்திற்கு மாதக் கட்டணம் இருந்தது.

தரைவழி ஒளிபரப்பும் மாறிற்று. அமெரிக்கா 2009 ஜூனிலும், ஜப்பானின் பெரும்பகுதி 2011 ஜூலையிலும் பழைய முறையை நிறுத்தி இலக்கமுறைக்கு மாறின. அங்கெல்லாம் மாடி ஆன்டெனா மறையவில்லை. சிறுத்துப் புது உருவில் நின்றது. இலக்கமுறையில் படம் மங்கித் தெரிவதில்லை. அலை போதுமானால் முழுமையாகத் தெரியும். போதாவிடில் அடியோடு மறையும். ஆகவே அங்கே ஆன்டெனாவைச் சரியாகத் தேர்வது முன்னிலும் இன்றியமையாதது. நம் நாட்டில் 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் தூர்தர்ஷன் இலக்கமுறைத் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கிற்று. ஆனால் அது சிற்றூர்களை எட்டவில்லை. பழைய முறை நிலையங்களை, முக்கியமான ஐம்பது இடங்கள் நீங்கலாக, 2022 மார்ச்சுக்குள் மூடிவிடுவதென்று முடிவாயிற்று. மாடியில் எஞ்சிய மீன்முள்ளுக்குப் பெரும்பாலும் வேலை இல்லாமற்போயிற்று.

கட்டணமற்ற படம் மட்டும் வேறு வழியில் தொடர்கிறது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய நேரடிச் செயற்கைக்கோள் சேவைக்கு மாதக் கட்டணம் இல்லை. அதன் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டின் மேல், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. திருவதிகையிலிருந்து நோக்கினால் அது தென்கிழக்கில், தரையிலிருந்து ஏறத்தாழ 69 பாகை உயரத்தில் இருக்கும். அன்று வடக்கே நோக்கிய ஆன்டெனாவின் இடத்தில் இன்று தென்கிழக்கு வானை அண்ணாந்து பார்க்கும் சிறு கிண்ணம் இருக்கிறது. கேள்விகள் மட்டும் மாறவில்லை. அலை எங்கிருந்து வருகிறது? இடையே தென்னையோ பலாவோ மறைக்கிறதா? கேபிளின் நீளம் எவ்வளவு?

இவற்றையெல்லாம் மாணவர்கள் ஏன் அறிய வேண்டும் என்று கேட்கலாம். 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பகுதியின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்களும் பெருவாரியாக விழுந்தன. இத்தகைய நாளில் கம்பி வழியாக வரும் செய்தி கம்பியோடு நின்றுவிடும். காற்றில் வரும் அலை, அதைப் பெறும் அறிவுடையவனுக்கு, மின்கலத்தின் துணையால் அப்போதும் கிடைக்கும். சாய்ந்த ஆன்டெனாவை எத்திசை நோக்கி எவ்வாறு நிமிர்த்துவது என்பதை அறிந்த ஒருவர் தெருவில் இருந்தால், அத்தெருவே செய்தி பெறும்.

காற்றும் நீரும் போல வான் அலையும் பொதுச்சொத்து. அதனைப் பெறும் உரிமை அனைவர்க்கும் உண்டு; பெறும் வழியோ அறிந்தவர்க்கே உண்டு. தம் நாட்டார் கண்டறிந்ததைத் தாமே அறியாதிருந்து, பகைவனின் குறிப்பேட்டில் அதைப் படித்துத் திகைத்தவர்களின் நிலை நமக்கு வேண்டா. நாட்டுப்படம் ஒன்று, அளவுகோல் ஒன்று, வர்க்கமூலம் காணும் அறிவு ஆகிய இவை ஒவ்வொரு மாணவரிடமும் உள்ளன. உங்கள் ஊரின் மாடியில் பழைய ஆன்டெனா ஏதேனும் எஞ்சியிருந்தால், அதனை இரும்புக் கடைக்கு அனுப்புமுன் ஒருமுறை அளந்து பாருங்கள். கம்பியின் நீளம் அலையைச் சொல்லும். அது நோக்கும் திசை நிலையத்தைச் சொல்லும். உங்கள் ஊரின் வரலாற்றில் இதுவரை யாரும் எழுதாத ஒரு பக்கம் அப்போது உங்கள் கையில் இருக்கும்.